குன்னூரிலிருந்து மெல்போர்னுக்கு, இரண்டு சின்னக் குழந்தைகளோடு தனியாக

கேள்வி: வீட்டுக்காரர் மெல்போர்னில் வேலை செய்கிறார். நவம்பர் கடைசியில் மூன்றரை வயது மகளையும் பத்து மாத மகனையும் கூட்டிக்கொண்டு நான் மட்டும் குன்னூரிலிருந்து கிளம்ப வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஏறி சிங்கப்பூரில் மாறுவது நல்லதா, பெங்களூரு போய் ஏறுவது நல்லதா? மகளுக்கு மலைப்பாதையிலேயே வாந்தி வரும். விமானத்தில் காது வலித்து அழுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். தூங்குவதற்கு மருந்து கொடுக்கலாமா?

நான் குழந்தைகள் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள். என் பிள்ளைகளையும் சின்ன வயதில் கோத்தகிரியிலிருந்து வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய் வந்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்து எழுதுகிறேன்.

நீண்ட பயணம் என்றாலே எல்லாரும் விமானத்துக்குள் இருக்கும் நேரத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். உங்களுக்கு அது கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து மெல்போர்னுக்கு ஏழரை மணி நேரம் அளவில். ஆனால் மலையில் இருப்பவர்களுக்குப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. பர்லியாறு, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது குழந்தைகள் எப்படி இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் மீதி முழுவதும். வாந்தி எடுத்துச் சோர்ந்து, தூக்கம் கெட்டு, ஸ்வெட்டருக்குள் வியர்த்துப்போய் விமான நிலையத்துக்குள் நுழைகிற குழந்தையை எந்தப் பொம்மையாலும் சமாதானப்படுத்த முடியாது. அதனால் டிக்கெட் எடுக்கும்போதே மலைப்பாதையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு வேண்டாம். ஊட்டியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 300 கிலோமீட்டருக்கு மேல். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விட மாட்டார்கள். 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. இரவு விமானம் என்றால் பகலிலேயே கிளம்பிப் போய்க் காத்திருக்க வேண்டும். அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே போய்த் தங்க வேண்டும். வாந்தி வரும் குழந்தையை அத்தனை மணி நேரம் காரில் உட்கார வைப்பது பெரிய கொடுமை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை போய்ப் பறப்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகள் இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டே போகலாம், அது நல்ல வழிதான். ஆனால் துணைக்கு ஒரு பெரியவர் சென்னை வரை வந்தால் மட்டும். பெட்டிகளோடும் இரண்டு குழந்தைகளோடும் தனி ஆளாக சென்ட்ரலில் இறங்க வேண்டாம். உங்களுக்குக் கோவைதான் சரி.

டிக்கெட்டை ஒரே முன்பதிவாக, கோவையிலிருந்து மெல்போர்ன் வரை சேர்த்து எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டியும் நேராக மெல்போர்னுக்குப் போகும், தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. சிங்கப்பூரில் மாறுவதற்கு மூன்று, நாலு மணி நேரம் கிடைப்பது போலப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் மாறலாம் என்று காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். மூன்றரை வயதுக் குழந்தை நடக்கும் வேகம் நமக்குத் தெரியும், நடுவில் டயப்பரும் மாற்ற வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் குழந்தைகள் விளையாட இடம் இருக்கிறது, மூன்றாவது முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமே இருக்கிறது. மகள் அங்கே ஓடி ஆடிக் களைத்தால்தான் இரண்டாவது விமானத்தில் தூங்குவாள்.

இன்னொன்று, பெயர். நம் பக்கத்தில் குழந்தைக்கு ஒரே பெயரும் ஓர் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் இடத்தில் குழப்பம் வரும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே டிக்கெட்டிலும் வர வேண்டும். குடும்பப் பெயர் இல்லையென்றால் எப்படிப் பதிவது என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இதைப் படிக்கும் மற்ற பெற்றோர், இனிமேல்தான் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டால் பிற்பாடு பல தொல்லைகள் இருக்காது.

நவம்பர் கடைசி என்று சொல்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம், பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தாலே சில மணி நேரம் போய்விடும். மாலையில் பனிமூட்டம், கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் வேறு. அதனால் விமானம் எத்தனை மணிக்கு என்றாலும் முதல் நாள் காலையிலேயே மலையிறங்கிவிடுங்கள். கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே, இல்லையென்றால் பீளமேடு பக்கம் ஓர் அறை. குன்னூர் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறது. ஒரு நாள் முன்னால் இறங்கினால் அந்தச் சுற்று பெரிதாகத் தெரியாது. இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரவு தூங்கி எழுந்து, வயிறு சரியாகி, இட்லி சாப்பிட்டுவிட்டு மகள் விமானம் ஏறுவாள்.

மலையிறங்கும்போது வாந்திக்கு என்ன செய்வது? ஒன்றும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள், அதுவும் குமட்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓர் இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு. பால் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். காரில் போனைக் கையில் கொடுக்கவே கூடாது. கண் திரையில் நிற்கும், உடம்பு வளைவில் ஆடும், அந்த முரண்பாடுதான் குமட்டலைக் கொண்டு வருகிறது. தூரத்து மலையை, முன்னால் போகும் சாலையைப் பார்க்க வையுங்கள். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி, கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பர்லியாற்றில் நிறுத்தி கால் மணி நேரம் நடக்க விடுங்கள், ஸ்வெட்டரையும் அங்கேயே கழற்றிவிடுங்கள். பையனைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டு வயதுக்குள் இந்தத் தொந்தரவு அபூர்வம். சீக்கிரம் இறங்கிவிட வேண்டும் என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது காது. இதில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. விமானம் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அந்த உயரத்துக்கு உரியது இல்லை. 8000 அடி, அதாவது சுமார் 2400 மீட்டர் உயரத்தில் என்ன அழுத்தம் இருக்குமோ அதற்குக் கீழே போகாமல் வைத்திருப்பார்கள். ஊட்டி 2240 மீட்டர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இன்னும் வசதியாக, ஏறக்குறைய 1800 மீட்டர் அளவில் வைத்திருப்பார்கள். அது உங்கள் குன்னூர் உயரம்தான். ஆக, விமானத்துக்குள் இருக்கும் காற்று உங்கள் குழந்தைகள் பிறந்ததிலிருந்து சுவாசிக்கும் காற்றைப் போன்றதுதான். மூச்சு முட்டுமோ என்று பயப்பட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ள குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

காது வலி பெரும்பாலும் ஏறும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான். நடுச்செவியையும் தொண்டையின் பின்பகுதியையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. வெளியே அழுத்தம் கூடும்போது அது திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் படுக்கை வாட்டமாகவும் இருக்கும், எளிதில் திறக்காது. விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது திறக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உங்கள் காது அடைத்து, எச்சில் விழுங்கினால் 'பட்'டென்று திறக்கிறதே, அதேதான் இது. நாம் அந்த 1500 மீட்டரை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். விமானம் அதே அளவை, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே, அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். வித்தியாசம் வேகத்தில் மட்டும்தான்.

அதனால் மலைப்பாதையை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் மேட்டுப்பாளையமோ கோவையோ போகும் வேலை இருந்தால் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். பர்லியாறு தாண்டியதும் பையனுக்குப் பால் கொடுத்துப் பாருங்கள். தாய்ப்பாலா, பாட்டிலா, எதை வாங்கிக்கொள்கிறான் என்று தெரியும். மகளுக்கு உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர்க் குப்பியைக் கொடுத்து, காது அடைத்தால் ஒரு வாய் குடி என்று பழக்குங்கள். அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டால் விமானத்தில் பயப்பட மாட்டாள். கெட்டியான மிட்டாய் வேண்டாம், இந்த வயதில் தொண்டையில் அடைக்கும்.

விமானத்தில் நேரம்தான் முக்கியம். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் கீழே வரத் தொடங்கிவிடும், பெல்ட் போடச் சொல்லும் அறிவிப்புக்காகக் காத்திருந்தால் தாமதம். 'இறங்கத் தொடங்கும்போது என்னிடம் வந்து சொல்லுங்கள்' என்று பணிப்பெண்ணிடம் கேட்டு வைத்தால் சொல்வார்கள். தூங்கும் குழந்தையை அப்போது எழுப்புங்கள், மனசு வராது என்றாலும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பையனை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள், ஒரேயடியாகக் குடித்து முடித்துவிடாமல் விட்டு விட்டு. அழுதாலும் பரவாயில்லை, அழும்போதும் அந்தக் குழாய் திறக்கும்.

சளி இருந்தால் கதை வேறு. நவம்பரில் மலையில் மூக்கு ஒழுகாத குழந்தை எங்கே இருக்கிறது? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பேரின் காதையும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சாதாரண மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். காதில் சீழ் இருந்தாலோ, காய்ச்சலோடு காதைப் பிடித்து அழுதாலோ, பறக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நீலகிரித் தைலத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். சளி என்றதும் நம் வீடுகளில் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் அதைத் தடவக் கூடாது. தவறி வாய்க்குள் கொஞ்சம் போனாலும் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டு போகும். கைப்பையில் வைத்து, இருட்டில் மகள் திறந்து வாயில் வைத்துவிட்டால் நடுவானத்தில் என்ன செய்வீர்கள்? வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தூக்க மருந்து: வேண்டாம். புரோமெதசின் கலந்த சிரப்பைத்தான் பலரும் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. பெரிய குழந்தைகளிலும் சிலருக்கு அது நேர்மாறாக வேலை செய்து, தூங்காமல் வெறி பிடித்தது போல ஆட வைக்கும். மகளின் வாந்திக்கு மருத்துவர் எழுதித் தந்தால் அதை மட்டும் கொடுங்கள், அதையும் முதன்முதலாக விமானத்தில் கொடுக்காமல் வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் எடுத்துப் போவீர்கள். சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப் ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 250. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஐந்து மில்லி ஊற்றிவிட்டால் பெரிய விபரீதம். இரண்டு குழந்தைக்கும் தனித்தனிப் பாட்டில், மேலே பெயரும் அளவும் எழுதி ஒட்டுங்கள்.

இருக்கை விஷயம். பையன் உங்கள் மடியில் வருவான், இரண்டு வயது ஆகும்வரை அந்த வசதி உண்டு. கட்டணம் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மகளுக்குத் தனி இருக்கை. தொட்டில் கேட்டால் தடுப்புச் சுவருக்கு முன்னால் இருக்கும் முதல் வரிசையில் தருவார்கள். எடை வரம்பும் நீள வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, பத்து மாதத்தில் சில பையன்கள் அதைத் தாண்டியிருப்பார்கள். எடை பார்த்துவிட்டுக் கேளுங்கள். குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் தொட்டிலே கிடையாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: அந்த வரிசையில் கைப்பிடியை மேலே தூக்க முடியாது, மகள் உங்கள் மடியில் தலை வைத்துச் சாய முடியாது. காலடியில் பையும் வைக்க விடமாட்டார்கள். விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் தூங்கும் பையனைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், சிங்கப்பூர் வரை சாதாரண வரிசை, மகள் ஜன்னலோரம். மெல்போர்ன் விமானத்தில் மட்டும் தொட்டில். இரண்டையும் போன் செய்து உறுதி செய்யுங்கள், இணையத்தில் கேட்டிருப்பதோடு விட்டுவிடாதீர்கள்.

தனியாகப் போகும் தாய் என்று முன்பதிவிலேயே பதியச் சொல்லி, உதவிக்கு ஆள் கேளுங்கள். தள்ளுவண்டியை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒப்படைக்கலாம். ஆனால் அது சிங்கப்பூரில் வாசலில் கிடைக்குமா, மெல்போர்னில்தான் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் பையனை நெஞ்சோடு கட்டும் துணி வேண்டும். ஒரு கை மகளுக்கு, ஒரு கை பாஸ்போர்ட்டுக்கு. தோளில் மாட்டும் பை ஒன்று போதும், இரண்டாவது கைப்பை எடுத்தால் அவதிப்படுவீர்கள். மாற்று உடை இரண்டு பேருக்கும் இரண்டு செட், உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. மகள் வாந்தி எடுத்தால் நனைவது நீங்கள்தான்.

சாப்பாட்டுக்கு, பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி வரம்பு குழந்தையின் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் கிடையாது, பயணத்துக்குத் தேவையான அளவு விடுவார்கள். தனியாக எடுத்துக் காட்டுங்கள். தயிர்சாதம் வேண்டாம், சூட்டில் கெட்டுவிடும். பொடி தடவிய இட்லி முதல் சில மணி நேரத்துக்கு நல்லது. அப்புறம் ராகி சத்துமாவு, விமானத்தில் வெந்நீர் கேட்டால் தருவார்கள். கொடுப்பதற்கு முன்னால் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பாருங்கள். மகளுக்குக் குழந்தைச் சாப்பாடு வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு மேலாகவே முன்னால் சொல்ல வேண்டும்.

மகள் விமானக் கழிப்பறைக்குப் போக மறுக்கலாம். அந்த உறிஞ்சும் சத்தம் இந்த வயதுக் குழந்தைகளை மிரட்டும். அவளை வெளியே அனுப்பிவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துங்கள். டயப்பரை விட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் இந்த ஒரு நாள் போட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவளிடமும் சொல்லுங்கள்.

மெல்போர்னில் இறங்குவதற்கு முன் ஓர் அட்டை நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்திரேலியா உணவு, விதை, பால் பொருள் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அம்மா கட்டிக் கொடுக்கும் பால்கோவா, நெய், தேன், கறிவேப்பிலை, மலைப் பூண்டு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வர்க்கியும் கடையில் பாக்கெட் போட்ட தேயிலையும் கொண்டு போகிறீர்கள் என்றால், சந்தேகம் வேண்டாம், அட்டையில் 'உண்டு' என்று குறியுங்கள். சொல்லிக் காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். மிச்சமிருக்கும் இட்லியையும் பழத்தையும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். இரண்டு குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். விக்டோரியா மாநிலத்தில் காப்பகத்தில் சேர்க்கும்போது தடுப்பூசிப் பதிவு இல்லாமல் எடுக்க மாட்டார்கள். பையனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டாயிற்றா என்று இப்போதே பாருங்கள்.

நவம்பரில் மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். இங்கே இரவு 8 மணிக்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே அது நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அதனால் முதல் சில நாள் இரவு தூக்கம் வராது, காலையில் எழுப்ப முடியாது. கிளம்புவதற்கு முன் நாலைந்து நாள் தூங்க வைக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி, ஒரு மணி முன்னால் கொண்டு வாருங்கள், நவம்பரில் மலையில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் அது எளிது. போய்ச் சேர்ந்ததும் காலையில் எவ்வளவு அழுதாலும் எழுப்பி வெயிலில் கூட்டிப் போங்கள், உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது காலை வெளிச்சம்தான். அங்கே அப்போது கோடை தொடங்கும் நேரம், தொப்பி வேண்டும். பகல் தூக்கம் வேண்டும் என்றால் இருக்கட்டும், மாலை வரை நீள விடாதீர்கள். ஒரு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வாரம் இரவுக் காவலை உங்கள் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள், இதை அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.